கொட்டாத குளவி

எங்கள் பக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஆள் யாராவது கையில் டப்பாவோடு சத்தம் போடாமல் நடந்து வந்தால், நான் முதலில் அவன் காலைத்தான் பார்ப்பேன். ஷூ என்றால் கம்பெனி ஆள். செருப்பு என்றால் சர்க்கார் ஆள். இரண்டு பேரும் சொல்லப்போவது ஒன்றுதான்: "பயப்பட ஒண்ணும் இல்லம்மா." இந்த வார்த்தை காதில் விழுந்தாலே நான் ஓடிப்போய்த் தண்ணீர்க் குடத்தை மூடிவைப்பேன். அனல்மின் நிலையத்து வெந்நீரை ஆற்றில் திறந்துவிட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். மறுநாள் மடவை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அதனால் எனக்குச் சந்தேகப் புத்தி என்று யாராவது சொன்னால் நான் கோபித்துக்கொள்வதில்லை. எண்ணூரில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சந்தேகம் இல்லாவிட்டால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அன்றைக்கு வந்தவன் காலில் ஷூவும் இல்லை, செருப்பும் இல்லை. மழைச் சேற்றுக்குப் பயந்து எதையோ கழற்றி ஒரு பையில் போட்டுவைத்திருந்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பார்த்தேன். தைலமரத் தோப்புக்குள் நுழைந்தான். ஒரு மரத்தின் கிளையை வளைத்து, விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை நூலால் கட்டினான். குழாயின் வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுத்தான். அப்புறம் அந்தக் கிளையில் சிவப்பு ரிப்பனை முடிந்தான். அடுத்த மரத்துக்குப் போனான்.

"யாரு நைனா நீ? இன்னா பண்ணிகினு கீற?"

திடுக்கிட்டுத் திரும்பினான். மீசை சரியாக முளைக்காத முகம். பேச்சைக் கேட்டால் கோயமுத்தூர்ப் பக்கம்.

"பூச்சி விடறேனுங்க்கா."

"பூச்சியா?"

"குளவிங்க. ஆனா கொட்டாதுங்க. பயப்பட ஒண்ணும் இல்லீங்க."

அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம். கொட்டாத குளவியா? இவன் கம்பெனி ஆள்தான், ஷூவை மட்டும் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

இந்தத் தோப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படிப் பாய்ந்தேன் என்று புரியாது. எங்கள் குப்பத்துக்குக் கிழக்கே கடல். மேற்கே நிலக்கரி யார்டு. மேல்காற்று அடிக்கும் காலை நேரத்தில் கரித்தூள் எழும்பி வந்து வீட்டுக்குள் இறங்கும். தண்ணீர்க் குடம், துணி, சோறு எல்லாவற்றிலும் கறுப்பு மை. என் வீட்டுக்காரர் காசிமேட்டு விசைப்படகில் தொழிலுக்குப் போனவர். மூச்சு இழுப்பு வந்ததும் கடலுக்குப் போவது நின்றது. அப்புறம் வீட்டில் இருப்பதும் நின்றது. ஒவ்வொரு நாளும் விடியும்போது அவர் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். டாக்டர், "தூசி இல்லாத எடத்துல வைம்மா" என்றார். வடசென்னையில் அப்படி ஒரு இடம் எங்கே? மூலக்கொத்தளத்தில் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் அவர் தங்கச்சி வீடு இருந்தது. அங்கே போய்த் தங்கினார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

"சுடுகாட்டுப் பக்கம் போய் எப்பிடிய்யா மூச்சு வுடுற?" என்று போனில் கேட்டால், "அந்தப் பொக கூடத் தேவலமே, நம்பூட்டுக் கரிக்கு" என்பார். நான் சிரிப்பேன். போனை வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்காரன் யார்டின் ஓரமாகத் தைலமரக் கன்றுகளை வரிசை வரிசையாக நட்டு, 'பசுமை வளாகம்' என்று ஒரு போர்டும் வைத்தான். யாருக்குக் காட்டவோ நட்டான், எனக்கென்ன? மரம் கிடுகிடுவென்று ஏறியது. ஆள் உயரம் வந்ததும் கரித்தூள் பாதி குறைந்தது. அதற்கு மேல் ஏறியதும் நான் வீட்டை நன்றாகக் கழுவிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். பையோடு வந்தார். வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தினார். விடியும்போது விசில் சத்தம் இல்லை. அந்தத் தோப்பு எனக்கு மரமில்லை. என் புருஷன் வீட்டில் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அப்புறம் இலையில் முடிச்சு விழுந்தது. முதலில் நடு நரம்பில் பச்சைக் கொப்புளம் மாதிரி ஒன்றிரண்டு. பிறகு காம்பிலும், இளம் தண்டிலும். பச்சை மாறி ரோஸ் நிறமாகி, வரிசையாகப் புடைத்துக்கொண்டு நின்றது. இலை சுருண்டது. கொழுந்து மேலே போகாமல் குட்டையாக முறுக்கிக்கொண்டது. தோப்பு மெலிந்துகொண்டே வந்தது. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக் கரிக்குவியல் தெரிந்தது. வீட்டுக்காரர் மறுபடி இருமத் தொடங்கினார்.

யார்டு சூப்பர்வைசர் ஒருநாள் தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நோய் பிடிச்சிருக்கு. தேறலன்னா எடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்ன தோரணையில் ஒரு வருத்தமும் இல்லை. நான் கணக்குப் போட்டேன். யார்டை இந்தப் பக்கம் நீட்ட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. பச்சை மரத்தை வெட்டினால் ஊர் கேட்கும். நோய் மரத்தை வெட்டினால் யார் கேட்பார்கள்? அந்த வாரமே ஒருவன் குழாயில் பூச்சியைக் கொண்டுவந்து மரத்தில் கட்டுகிறான். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

"டபாய்க்காத. மரத்தச் சாவடிக்கத்தானே பூச்சி வுடுற?"

"ஐயோ, இல்லீங்க்கா. மரத்தக் காப்பாத்தறதுக்குங்க." குழாயை என் கண்ணுக்கு நேராக நீட்டினான். உள்ளே கசகசா அளவில் ஏதோ ஊர்ந்தது. கோயமுத்தூர் மர ஆராய்ச்சி ஆபீஸ் ஆள் என்றான். முடிச்சுக்குள் வேறொரு குளவியின் புழு இருக்கிறதாம். அது வெளிநாட்டுக் குளவியாம். தண்டுக்குள் முட்டை வைத்துவிட்டால் புழு முடிச்சுக்குள்ளேயே இருந்து தின்னுமாம், மருந்து அடித்தாலும் எட்டாதாம். இவன் கொண்டுவந்திருக்கும் குட்டிக் குளவி அந்த முடிச்சைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைக்குமாம். இதன் புழு அதைத் தின்றுவிடுமாம்.

"அந்த வெளிநாட்டுத யாரு இட்டாந்தது?"

"அது தானா வந்துருச்சுங்க."

"தானா வர்றதுக்கு அது இன்னா ஹார்பர்ல வேலை செய்துதா? சரி, இது? இது எந்த ஊரு?"

கொஞ்சம் தயங்கினான். "இதுவும் வெளிநாடுதானுங்க."

பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் ஓரகத்தி அதற்குள் எழுந்து வந்துவிட்டாள். குழாயை வாங்கிப் பார்த்து, "இதுல ஆம்பள எது, பொம்பள எது?" என்றாள். அவளுக்கு அதுதான் முக்கியம்.

"எல்லாமே பொம்பளைங்கதானுங்க. ஆம்பள இல்லாமலே முட்டை வைக்குமுங்க."

"குடுத்து வெச்சதுங்க" என்றாள் ஓரகத்தி. அவள் புருஷன் அப்படி. நான் சிரிக்கவில்லை. ஆம்பளையும் இல்லை, கொட்டவும் கொட்டாது, ஆனால் இன்னொரு குளவியைத் தின்னும். கதை கட்டினாலும் கொஞ்சம் நம்புகிற மாதிரி கட்டக் கூடாதா?

போகும்போது, "ரிப்பன் கட்டின கிளையை மட்டும் தொட்றாதீங்க, கம்பெனில சொல்லியிருக்கேனுங்க" என்றான். தொடாதே என்றான்; ஏன் என்று சொல்லவில்லை. அதுவும் சிவப்பு. ரோடு அகலப்படுத்த வந்தபோது எங்கள் உறவுக்காரர் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் அப்புறம் இல்லை. எங்களுக்குச் சிவப்பு என்றால் அதுதான் அர்த்தம்.

அடுத்து வந்தது போகி.

எங்கள் கருவாட்டு வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மணலில் காயப்போட்ட மீனில் ஈ உட்கார்ந்து ஏதாவது ஒன்றில் புழு வைத்துவிட்டால், யோசிக்கவே கூடாது. அந்த மீனை உடனே பொறுக்கி எடுத்து எரித்துவிட வேண்டும். பாவம் பார்த்து விட்டுவைத்தால் சாயங்காலத்துக்குள் காயப்போட்டது மொத்தமும் போய்விடும். புழு பிடித்ததைப் பார்த்தால் கை தானாகப் பொறுக்கும். அது எங்களுக்குக் கூடப் பிறந்த புத்தி. போகிக்கு முந்தின நாள் பெண்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ சொன்னாள், "யக்கா, புழு வெச்ச மீனப் பொறுக்குற மாரி, முடிச்சு வெச்ச கெளையப் பொறுக்கிட்டா இன்னா?" கேட்டவுடனே எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. இதை ஏன் இத்தனை நாளாக யோசிக்கவில்லை!

ஆளுக்கு ஒரு அரிவாளோடு இறங்கினோம். எந்தக் கிளையில் முடிச்சு அதிகமோ அதை முதலில் வெட்டினோம். அவன் ரிப்பன் கட்டிய கிளைகளில்தான் முடிச்சு கொத்துக் கொத்தாக இருந்தது. "பாத்தியா, நல்லாப் புழு பிடிச்ச கெளையாப் பாத்து அடையாளம் வெச்சிக்கிறான், இங்கேர்ந்து மத்ததுக்குப் பரவட்டும்னு" என்று நான்தான் விளக்கமும் கொடுத்தேன். விடியும்போது தெருவில் பிள்ளைகள் போகி மேளம் தட்ட, பழைய பாய், கிழிந்த வலை, தைலக்கிளை எல்லாம் சேர்ந்து எரிந்தது. தைல வாசனை கடற்கரை வரைக்கும் போனது. வீட்டுக்காரர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கில் ஈரத்துணியோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். புகை அவருக்கு ஆகாது. ஆனாலும் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பொங்கல் முடிந்து குளவிக்காரப் பையன் வந்தான். தோப்பைப் பார்த்தான். கிளை வெட்டிய வெள்ளைத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டான். அப்படியே மணலில் குந்திவிட்டான்.

"எல்லாம் எரிச்சுட்டீங்களா?"

"ஆமா, எரிச்சுட்டோம். இன்னா இப்போ?"

"முடிச்சுக்குள்ளதானுங்க்கா நம்ம குளவி இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல வெளிய வந்திருக்கும்."

அவனே சொன்னான். புழு பிடித்த முடிச்சுக்குள் போய்த்தான் நம் குளவி முட்டை வைக்கும். நோயும் மருந்தும் ஒரே முடிச்சுக்குள் இருக்கும். மருந்து நிறையச் சேரட்டும் என்றுதான் முடிச்சு அதிகமாக இருந்த கிளையாகப் பார்த்து அவன் கட்டியிருக்கிறான். நாங்கள் மருந்தை எரித்துவிட்டோம். நோய் மற்ற மரங்களில் சுகமாக உட்கார்ந்திருந்தது.

ஆனால் நான் அப்போதும் தலை குனியவில்லை, இப்போதும் குனிய மாட்டேன். "கெளைய வெட்டுனா மருந்தும் போயிடும்னு அன்னிக்கே என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்று கேட்டேன்.

"கம்பெனில சொல்லி உங்ககிட்டச் சொல்லச் சொன்னேனுங்க்கா." அப்புறம் மெல்லக் கேட்டான், "நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றேன். "ஆனா சொல்லணும் இல்ல?"

அவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பையிலிருந்து பிளேடை எடுத்து ஒரு முடிச்சைக் குறுக்கே கீறினான். லென்ஸை என் கையில் கொடுத்தான். உள்ளே சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு வெள்ளைப் புழு. பார்த்தேன். பார்த்தால் மட்டும் நம்பிவிடுவேனா? "வெளிய வர்றத நானே பாக்கணும்" என்றேன்.

அடுத்த தடவை வந்தபோது வேறு எங்கேயோ குளவி விட்ட தோப்பிலிருந்து முடிச்சு விழுந்த கிளைகளை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். ஒன்றிரண்டை வாங்கி ஊறுகாய் ஜாடிக்குள் போட்டு, மேலே மெல்லிய துணியைக் கட்டி, சமையல் அலமாரியில் வைத்தேன். மற்றதைத் தோப்பில் கட்டினான். நான் கூடவே நின்று பார்த்தேன். காலையில் எழுந்தால் முதலில் ஜாடி, அப்புறம்தான் அடுப்பு. வீட்டுக்காரர் கிண்டல் செய்தார், "எனக்கு டீ குடுத்துட்டு உம் புள்ளைங்களப் பாக்கக் கூடாதா?" ஒருநாள் முடிச்சில் ஊசியால் குத்தின மாதிரி ஓட்டைகள். ஜாடியின் சுவரில் பொடிப்பொடியாக நடந்துகொண்டிருந்தன. பையன் வந்து லென்ஸில் பார்த்துப் பிரித்துச் சொன்னான்: பளபளவென்று கொஞ்சம் பெரிதாக இருப்பது திருடி, அதைவிடச் சின்னது போலீஸ். ஜாடியில் போலீஸ்தான் அதிகம். விரலை உள்ளே விட்டேன். ஒன்று என் நகத்தின் மேல் ஏறி நடந்தது. கொட்டவில்லை.

நம்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சந்தேகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். ஆனால் குப்பத்தில் யார் கிளையை ஒடித்தாலும் நான் போய்ச் சண்டை பிடித்தேன். கொசுவுக்கு மூட்டம் போடத் தைலச் சருகு பொறுக்க வந்தவர்களையும் விரட்டினேன். பம்பு வைத்து மருந்தடிக்க வந்த யார்டுத் தோட்டக்காரனை, "எம் பொண்ணுங்க உள்ள கீறாங்க, அடிச்ச, கைய ஒடிச்சிருவேன்" என்று மிரட்டித் திருப்பி அனுப்பினேன். அவன் மிரண்டுபோய் மரத்து உச்சியை அண்ணாந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கொசுக்கடிக்கு ஊரே என்னைத் திட்டியது.

வெயில் காலம் போய் மழை வந்தது. மழைக்குப் பிறகு விட்ட கொழுந்துகள் நேராக மேலே போயின. பழைய இலைகளில் மட்டும் அங்கங்கே முடிச்சு. வீட்டுக்காரர் ஒரு இலையை வாங்கி நடு நரம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். "நைசா கீதுமே" என்றார். தோப்பு அடர்த்தியாகி, கரிக்குவியல் கண்ணுக்கு மறைந்தது. விசில் சத்தம் குறைந்து, ஒருநாள் நின்றேபோனது. எனக்கு அந்தப் பையன் மேல் பாசம் வந்துவிட்டது. வஞ்சிரக் கருவாடு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். சைவம் போலிருக்கிறது, விழித்தான், ஆனாலும் வாங்கிக்கொண்டான்.

மார்கழி பாதியில் மரம் அறுக்கும் மிஷினோடு லாரி வந்தது.

நான் மணலில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். சூப்பர்வைசர் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நோயெல்லாம் போய்ச்சே! நல்லாத்தானே கீது? இன்னாத்துக்கு வெட்டுறீங்க?"

"நல்லா இருக்கறதாலதாம்மா வெட்றோம்" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "நோய் மரத்தை எந்தப் பேப்பர் மில்காரன் வாங்குவான்? இது வெட்டறதே இல்லம்மா, அறுவடை. கட்டையிலேர்ந்து மறுபடி தழையும். பயப்பட ஒண்ணும் இல்ல."

அதே வார்த்தை. அதுவும் என்னிடம்! மரத்தைச் சாகடிக்கப் பூச்சி விடுகிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். வெட்டுவதற்காகப் பிழைக்கவைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் சந்தேகப்பட்டும் எனக்குச் சரியாகச் சந்தேகப்படத் தெரியவில்லையே என்று ஆத்திர ஆத்திரமாக வந்தது.

பையனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தைலமரம்னா வெட்டறதுக்குத்தானுங்க்கா வளர்த்துவாங்க. உங்களுக்கும் தெரியும்னு நெனைச்சேனுங்க." உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறான், பாவி. குரலில் தெரிந்தது. போனை வைக்கப் போனேன். "அக்கா, ஒண்ணு மட்டும் கேளுங்க" என்றான். வெட்டிய கட்டையில் விடும் இளந்துளிர்தான் அந்தத் திருட்டுக் குளவிக்கு ரொம்பப் பிடிக்குமாம். எங்கிருந்தாவது வந்து இறங்கிவிடுமாம். நம் குளவி பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வெட்டித் தள்ளிய தழையில், பழைய முடிச்சுகளுக்குள், இன்னும் நம்முடையது இருக்கும். "அந்தத் தழையை மட்டும் யாரும் எரிக்காமப் பார்த்துக்குங்க. நான் லீவுல ஊருல இருக்கேன், வர முடியாதுங்க."

நேராக நின்ற மரங்களெல்லாம் லாரியில் ஏறிப் போய்விட்டன. வேலியோரத்தில் கோணலும் மாணலுமாக வளைந்த சில மரங்களை மட்டும் விட்டுவிட்டார்கள். அதற்கு விலை கிடைக்காதாம். தழையும் சுள்ளியும் எங்களுக்காம், அடுப்பெரிக்க. தர்மப் பிரபுக்கள். மறுநாள் மேல்காற்றோடு கரித்தூள் வீட்டுக்குள் வந்தது. அதற்கு மறுநாள் விடியும்போது விசில். வீட்டுக்காரர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார், மூலக்கொத்தளத்துக்கு. ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அழுவேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் அந்தத் தழையை எல்லாம் இழுத்து இழுத்து, கோணல் மரங்களின் அடியில் குவித்தேன். வெளியே வரும் குளவிக்குத் தலைக்கு மேலேயே இலை இருக்கட்டும், கட்டை துளிர்க்கும்வரை அங்கே பிழைத்துக் கிடக்கட்டும் என்று. ஓரகத்தி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "மரமே போச்சு, இவ தழைக்குக் காவலு" என்றாள்.

போகி வந்தது. இந்தத் தடவை எரிக்கப் பாயும் கிடையாது, வலையும் கிடையாது. எல்லோருக்கும் கண் அந்தக் குவியல் மேல்தான். காய்ந்த தைலத் தழை படபடவென்று எரியும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நான் இருட்டு பிரிவதற்கு முன்பே போய்க் குவியலின் மேல் ஏறிக் குந்திவிட்டேன்.

"எழுந்திரிக்கா, நல்ல நாள்ல பேஜாரு பண்ணாத."

"கிட்ட வந்த, கலீஜாயிடும் சொல்லிட்டேன்."

"போன வருசம் நீதானக்கா எரிக்கச் சொன்ன?"

"ஆமா, நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். போ."

சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, புருஷன் போன ஏக்கத்தில் இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று என் காதுபடச் சொன்னாள். அது முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தெரு முழுக்க நெருப்பு வைத்துவிட்டார்கள். டயர் புகை, துணிப் புகை. அதன் மேல் யார்டிலிருந்து கரி, தடுக்க ஒன்றும் இல்லாமல் நேராக வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்போது புகைக்குள்ளிருந்து அந்த விசில் சத்தம் கேட்டது. எத்தனை பேர் நடுவிலும் எனக்கு அது தெரியும்.

மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் அதே பையோடு வந்துகொண்டிருந்தார்.

"யோவ்! அறிவு கீதா ஒனக்கு? இன்னிக்குத்தான் வரணுமா? பொகயப் பாத்தியா?"

"தங்கச்சி வூட்டாண்ட போன் வந்துச்சு. ஊரோட சண்ட போட்டுகினு கீறன்னு சொன்னாங்கோ." நடுவில் நின்று மூச்சு வாங்கினார். "தனியா எத்தினி பேரோடமே மல்லுக்கட்டுவ?"

தட்டுத்தடுமாறி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்து வாயில் அடித்துக்கொண்டார். நான் அழுதேன். புகையால் என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்ல மாட்டேன். அவரைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். குவியலை யாரும் தொடவில்லை.

அவர் தழைக்குள் கைவிட்டு ஒரு சுள்ளியை உருவினார். காய்ந்த இலையின் நரம்பில் பழைய முடிச்சுகள் வரிசையாக இருந்தன. சிலவற்றில் ஓட்டை, சிலவற்றில் இன்னும் இல்லை. ஓட்டை இல்லாத ஒன்றைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குள்ளியா கீது?"

"ஆமா."

அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுள்ளியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"இதுக்குள்ள அது எப்பிடிமே மூச்சு வுடுது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். சுள்ளியை வாங்கி, எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகினேன்.